பழைய ஜீப்பைக் கட்டி இழுக்கப் போகிறீர்களா? கயிற்றை எடுக்கும் முன் கியரைப் பாருங்கள்!

மலைத் தோட்டம் வைத்திருக்கும் விவசாயிகளுக்குப் பழைய ஜீப் வீட்டில் ஒரு ஆள் மாதிரி. போடி, கம்பம் பகுதிகளிலிருந்து இடுக்கி மலையின் ஏலத் தோட்டங்களுக்கு விடிகாலையில் ஆள் ஏற்றிப் போவது அதுதான். கொல்லிமலையில் மிளகு மூட்டை இறக்குவதும், சிறுமலையில் வாழைத்தார் ஏற்றுவதும், கீழ்ப்பழனி மலையின் காப்பித் தோட்டங்களுக்கு உரம் கொண்டு சேர்ப்பதும் அதுதான். 20, 30 வயதான வண்டிகள்கூட இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன.

வயதான வண்டி என்றால் வழியில் நிற்கத்தான் செய்யும். பம்ப் பழுது, கிளட்ச் தேய்வு, ஹெட் கேஸ்கட் புகைச்சல் என்று ஏதாவது ஒன்று வரும். அப்போது நாம் செய்வது என்ன? பக்கத்துத் தோட்டத்து டிராக்டரைக் கூப்பிடுகிறோம். பம்பரில் கயிற்றைக் கட்டுகிறோம். "கியரை நியூட்ரல்ல போட்டுட்டு வாப்பா" என்று சொல்லி இழுக்கத் தொடங்கிவிடுகிறோம். வண்டி பட்டறைக்கு வந்து சேர்ந்துவிடும். ஆனால் ஐயாயிரம் ரூபாயில் முடிய வேண்டிய வேலை, கியர் பாக்ஸ் வரை போய் நிற்கும். அதைவிட மோசம், இறக்கத்தில் பின்னால் வரும் ஜீப் முன்னால் போகும் டிராக்டர் மீது ஏறுவது.

நான்கு சக்கரமும் தரையில் உருள, ஒரு வண்டியை இன்னொரு வண்டி இழுத்துச் செல்வது எளிதான வேலைபோலத் தெரியும். இரண்டு சக்கர இயக்க வண்டிக்குச் சொல்லும் யோசனை நான்கு சக்கர இயக்க ஜீப்புக்கு அப்படியே பொருந்தாது. மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: சக்கரம் உருளலாம், பெட்டிக்குள் இருக்கும் பல்சக்கரம் எண்ணெய் இல்லாமல் சுற்றக் கூடாது. பிறகு, இழுக்கும் வண்டி நின்றால் இழுபடும் வண்டியும் நிற்க வேண்டும். இந்த இரண்டையும் உறுதி செய்யும் வழிமுறைகளை வரிசையாகப் பார்ப்போம்.

முதல் கேள்வி: இழுக்கலாமா, ஏற்றலாமா?

கயிற்றைத் தேடும் முன் நான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பாருங்கள்.

ஒன்று, ஜீப்பின் கால் பிரேக் பிடிக்கிறதா? இரண்டு, ஸ்டியரிங் திருப்பினால் சக்கரம் திரும்புகிறதா? மூன்று, நான்கு சக்கரமும் இடறாமல் உருளுகின்றனவா? நான்கு, போக வேண்டிய பாதையில் நீண்ட இறக்கமோ கொண்டை ஊசி வளைவோ இருக்கிறதா?

முதல் மூன்றில் ஒன்றுக்கு 'இல்லை' என்று பதில் வந்தால், வண்டியைக் கட்டி இழுக்காதீர்கள். லாரியிலோ மீட்பு வண்டியிலோ ஏற்றிக்கொண்டு போங்கள். நான்காவது கேள்விக்கு 'இருக்கிறது' என்றாலும் ஏற்றிப் போவதே நல்லது. போடிமெட்டு சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலையில் 70. அந்த இறக்கங்களில் கயிறு கட்டி ஜீப்பை இறக்குவது உயிரோடு விளையாடுவது. இன்ஜின் ஓடாத வண்டிக்கு 'கியர் பிடிப்பு' கிடையாது. மொத்தப் பாரமும் பிரேக் மீதே விழும். டிரம் சூடேறி, பாதி மலையில் பிரேக் விட்டுவிடும்.

ஏற்றிப் போக லாரிக்கு வாடகை ஆகும் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் காப்பீட்டுப் பத்திரத்தை ஒரு முறை எடுத்துப் படியுங்கள். சில பாலிசிகளில் சாலை உதவியும் சேர்ந்திருக்கும். தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் 1033 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

சமவெளியில், சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள பட்டறைக்கு, பிரேக்கும் ஸ்டியரிங்கும் சரியாக உள்ள ஜீப்பைக் கட்டி இழுத்துப் போகலாம். இனி வருவதெல்லாம் அதற்கான தயாரிப்பு.

சக்கரம் உருண்டால் உள்ளே எது சுற்றும்?

இன்ஜின் ஓடும்போது சக்தி கியர் பாக்ஸ் வழியாக டிரான்ஸ்பர் கேஸுக்கு வரும். டிரான்ஸ்பர் கேஸ் என்பது கியர் பாக்ஸை அடுத்துள்ள சிறிய பெட்டி. அது சக்தியை இரண்டாகப் பிரித்து, ஒரு புரொப்பல்லர் ஷாப்ட் வழியே பின் அச்சுக்கும், இன்னொன்று வழியே முன் அச்சுக்கும் அனுப்பும்.

வண்டியை இழுக்கும்போது இந்தப் பாதை தலைகீழாகும். சக்கரம் உருளும். சக்கரம் அச்சைச் சுற்றும், அச்சு புரொப்பல்லர் ஷாப்டைச் சுற்றும், ஷாப்ட் பெட்டிக்குள் இருக்கும் தண்டைச் சுற்றும்.

இங்கேதான் சிக்கல். பெரும்பாலான பழைய கியர் பாக்ஸ்களில் எண்ணெயை வாரி மேலே இறைப்பது கீழே இருக்கும் துணைத் தண்டின் பல்சக்கரங்கள். அந்தத் தண்டு சுற்ற இன்ஜின் ஓட வேண்டும். இன்ஜின் நின்றிருக்க, கியரும் நியூட்ரலில் இருந்தால், கீழே உள்ள தண்டு அசையாது. எண்ணெய் அடியிலேயே கிடக்கும். மேலே உள்ள முக்கியத் தண்டு மட்டும் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும். அரை மணி நேரம் அப்படி உலர்ந்து சுற்றினால் புஷ்ஷும் பேரிங்கும் காய்ந்து தேயும். சத்தம் கேட்காது, புகை வராது. பட்டறைக்கு வந்து இன்ஜினைச் சரிசெய்து ஓட்டிப் பார்க்கும்போதுதான் 'கர்' என்று சத்தம் கேட்கும்.

"நியூட்ரலில்தானே போட்டேன்?" என்று அப்போது கேட்டுப் பயனில்லை. போட வேண்டிய நியூட்ரல் வேறு.

இரண்டு நியூட்ரல் உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள்

பழைய ஜீப்பில் பெரிய கியர் லீவரைத் தவிர, பக்கத்தில் இன்னொரு குட்டை லீவர் இருக்கும். சில மாடல்களில் இரண்டு குட்டை லீவர்கள். இரண்டு இருந்தால், ஒன்று முன் அச்சைச் சேர்க்கவும் பிரிக்கவும். மற்றொன்று ஹை, நியூட்ரல், லோ மாற்ற. ஒரே லீவர் உள்ள வண்டிகளில் இரண்டு சக்கர ஹை, நான்கு சக்கர ஹை, நியூட்ரல், நான்கு சக்கர லோ என்ற வரிசை இருக்கும். மாருதி ஜிப்ஸியில் இந்த முறைதான்.

இழுப்பதற்கு நமக்கு வேண்டியது டிரான்ஸ்பர் கேஸின் நியூட்ரல். அதில் போட்டால் சக்கரத்துக்கும் கியர் பாக்ஸுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். சக்கரம் எவ்வளவு உருண்டாலும் கியர் பாக்ஸ் சும்மா இருக்கும். முன் அச்சு லீவர் தனியாக இருந்தால், அதையும் பிரித்த நிலையில் வையுங்கள்.

லீவர் குமிழியில் உள்ள படம் பல வண்டிகளில் தேய்ந்து போயிருக்கும். உங்கள் மெக்கானிக்கிடம் இன்றைக்கே கேட்டு, டேஷ் போர்டில் பெயின்டால் எழுதி வையுங்கள். வண்டி நின்ற இரவில், டார்ச் வெளிச்சத்தில் ஆராய்ச்சி செய்ய முடியாது.

லீவர் அசையவே மறுக்கிறதா? தார்ச் சாலையில் நான்கு சக்கர இயக்கத்திலேயே ஓட்டியிருந்தால், முன்னும் பின்னும் இழுபட்டு உள்ளே முறுக்கு ஏறியிருக்கும். சுத்தியலால் அடிக்காதீர்கள். வண்டியைச் சில அடி பின்னால் தள்ளிப் பாருங்கள். அப்படியும் வரவில்லை என்றால், மற்ற சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். முறுக்கு விட்டு லீவர் வழிக்கு வரும்.

நியூட்ரல் விழுந்ததா? சோதித்துப் பார்க்கும் முறை

சமமான தரையில் வண்டியை நிறுத்துங்கள். சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வையுங்கள். டிரான்ஸ்பர் லீவரை நியூட்ரலில் போடுங்கள். பெரிய கியரை முதல் கியரில் போட்டு, கிளட்சிலிருந்து காலை எடுங்கள். கைப்பிரேக்கை விடுவித்து, இரண்டு பேர் வண்டியைத் தள்ளிப் பாருங்கள்.

முதல் கியரில் இருந்தும் வண்டி எளிதாக உருண்டால், டிரான்ஸ்பர் கேஸ் உண்மையிலேயே நியூட்ரலில் இருக்கிறது. உருள மறுத்தால், லீவர் சரியாக விழவில்லை, அல்லது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. காரணத்தைக் கண்டுபிடிக்கும் வரை புறப்படாதீர்கள். இன்ஜினைத் திறக்காமலே செய்யக்கூடிய சோதனை இது. இரண்டு நிமிடம் போதும்.

சோதனை முடிந்ததும் லீவர் குதித்து வேறு நிலைக்குப் போகாமல் ரப்பர் பட்டையாலோ கயிற்றாலோ கட்டி வையுங்கள். பழைய வண்டிகளில் தேய்ந்த ஃபோர்க்கும் தளர்ந்த ஸ்பிரிங்கும் இருப்பதால், ஒரு குழியில் விழுந்தாலே லீவர் தானாக நழுவும். பெரிய கியரைப் பயணத்தின்போது எந்த நிலையில் வைப்பது என்பது வண்டிக்கு வண்டி மாறும். உங்கள் மாடலின் கையேடு சொல்வதே முடிவு.

முன் சக்கர ஹப்பைத் திருப்ப மறக்க வேண்டாம்

சில ஜீப்புகளில் முன் சக்கரத்தின் நடுவே கையால் திருப்பும் வளையம் இருக்கும். ஒரு நிலை 'ஃப்ரீ', இன்னொரு நிலை 'லாக்'. இரண்டு பக்கமும் 'ஃப்ரீ'யில் வைத்தால், முன் சக்கரம் மட்டும் சுற்றும். அச்சுத் தண்டும் முன் புரொப்பல்லர் ஷாப்டும் சும்மா இருக்கும். ஒரு பக்கம் மட்டும் திருப்பிவிட்டு மறு பக்கத்தை மறப்பது அடிக்கடி நடப்பது. இரண்டையும் கையால் தொட்டுப் பாருங்கள். சேறும் துருவும் ஏறி வளையம் திரும்பாவிட்டால், மண்ணெண்ணெய் விட்டு, ஊறிய பிறகு திருப்புங்கள். பிளேயர் போட்டு முறுக்கினால் உடையும்.

ஹப் இல்லாத வண்டியில் முன் ஷாப்ட் எப்போதும் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். அப்படியானால் முன் அச்சில் கியர் எண்ணெய் சரியான அளவில் இருக்கிறதா என்று பார்ப்பது கூடுதல் அவசியம்.

எண்ணெய் அளவைப் பார்க்க ஒரு வழி: பெட்டியின் பக்கவாட்டு பிளக்கைத் திறந்து விரலை விடுங்கள். துளையின் விளிம்பு வரை எண்ணெய் தட்டுப்பட வேண்டும். கியர் பாக்ஸ், டிரான்ஸ்பர் கேஸ், முன் அச்சு, பின் அச்சு ஆகிய நான்கு இடத்திலும் இதைச் செய்யுங்கள். பிளக்கைச் சுற்றித் துடைத்துவிட்டுத் திறந்தால் மண் உள்ளே போகாது.

தூரம் அதிகமா? ஷாப்டைக் கழற்றுங்கள்

நான்கைந்து கிலோமீட்டருக்கு மேல் இழுக்க வேண்டியிருந்தாலோ, டிரான்ஸ்பர் கேஸிலேயே சந்தேகம் இருந்தாலோ, கவலையில்லாத வழி ஒன்று உண்டு. பின் புரொப்பல்லர் ஷாப்டைக் கழற்றிவிடுங்கள். முன் ஹப் 'ஃப்ரீ' ஆகாத வண்டியென்றால் முன் ஷாப்டையும் கழற்றுங்கள். அப்புறம் சக்கரம் எவ்வளவு உருண்டாலும் பெட்டிக்குள் எதுவும் அசையாது.

கழற்றும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, இரு முனையிலும் ஷாப்டும் அது பூட்டியிருக்கும் ஃபிளேஞ்சும் சேரும் இடத்தில் பெயின்டால் கோடு போடுங்கள். மாறிப் பூட்டினால் பிறகு வண்டி அதிரும்.

இரண்டாவது, கிராஸின் தொப்பிகள் கழன்று விழாமல் டேப் சுற்றுங்கள். உள்ளே இருக்கும் ஊசி பேரிங்குகளில் ஒன்று தொலைந்தாலும் புது கிராஸ் வாங்க வேண்டியதுதான்.

மூன்றாவது, கழற்றிய போல்ட்டுகளைத் திரும்ப அதே துளையில் திருகி வையுங்கள். ஷாப்டை வண்டிக்குள்ளே கிடத்துங்கள். கீழே கம்பியால் தொங்கவிட்டால், அது அறுந்து விழுந்து சாலையில் குத்தி நிற்கும்.

கைப்பிரேக் என்ற கண்ணி

இது பலருக்குத் தெரியாத ஆபத்து. வில்லிஸ் வழிவந்த பல பழைய ஜீப்புகளில் கைப்பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்பர் கேஸின் பின்புறத்தில், புரொப்பல்லர் ஷாப்ட் தொடங்கும் இடத்தில் ஒரு சிறிய டிரம்மில் இருக்கிறது. அந்த டிரம் ஷாப்டைப் பிடித்து நிறுத்துவதால்தான் பின் சக்கரம் நிற்கும்.

அப்படிப்பட்ட வண்டியில் பின் ஷாப்டைக் கழற்றினால் கைப்பிரேக் போய்விடும்! லீவரை முழு இழுப்பு இழுத்தாலும் சக்கரத்தைப் பிடிக்க ஒன்றும் இல்லை. டிரான்ஸ்பர் நியூட்ரலில் இருப்பதால் கியரில் போட்டு நிறுத்தவும் முடியாது. சரிவில் நிற்கும் ஜீப்பின் அடியில் படுத்துக்கொண்டு கடைசி போல்ட்டைக் கழற்றுபவரின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

எனவே ஷாப்டில் கை வைக்கும் முன் நான்கு சக்கரத்துக்கும் இரு பக்கமும் கனமான கட்டையோ கல்லோ முட்டுக் கொடுங்கள். கட்டி முடித்து இழுவைக் கம்பி பூட்டிய பிறகுதான் முட்டை எடுக்க வேண்டும். பட்டறைக்கு வந்ததும் முதலில் முட்டு. பிறகுதான் கம்பியைக் கழற்ற வேண்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

கயிறா, கம்பியா? கணக்குப் போட்டுப் பாருங்கள்

மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு ஐந்தரை மீட்டர். கயிற்றின் நீளம் 5 மீட்டர் என்று வையுங்கள். டிராக்டர் சட்டென நின்றால், ஜீப் அதன் பின்புறத்தைத் தொட ஒரு நொடிகூட ஆகாது. கண் பார்த்து, மூளை புரிந்து, கால் பிரேக்கைத் தொடவே ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். கயிற்றில் இழுபடும் வண்டியை ஓட்டுபவர் அரைத் தூக்கத்தில் இருக்க முடியாது என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

இதற்கு நல்ல மாற்று, கெட்டியான இழுவைக் கம்பி. ஆங்கில எழுத்து 'ஏ' போல இரண்டு கால்கள் ஜீப்பின் முன் சேஸிஸின் இரு பக்கமும் பூட்ட, கூர்முனை இழுக்கும் வண்டியின் கொக்கியில் மாட்டும் அமைப்பு இது. கம்பி சுருங்காது, தளராது. முன் வண்டி நின்றால் பின் வண்டி மோதாது. குலுக்கி இழுப்பதும் இல்லை. ஒரு கிராமத்துக்கோ ஒரு உழவர் உற்பத்தியாளர் குழுவுக்கோ ஒரு கம்பி இருந்தால் போதும். வெல்டிங் பட்டறையில் செய்து வாங்கலாம். ஆனால் வீட்டு கேட் செய்பவரிடம் கொடுக்காமல், டிரெய்லர் செய்து பழகியவரிடம் கொடுங்கள்.

கம்பியாக இருந்தாலும், ஜீப்பின் பிரேக் பிடித்தே ஆக வேண்டும். கம்பி இருப்பதால் ஜீப்பின் பாரம் முழுவதும் டிராக்டரை முன்னே தள்ளும். ஒன்றரை டன் ஜீப் பின்னால் தள்ளினால், வளைவில் சிறிய டிராக்டரின் பின்பக்கம் பக்கவாட்டில் வழுக்கும்.

கயிறுதான் இருக்கிறது என்றால்: நைலான் கயிறு அல்லது இழுவைக்கென்று விற்கும் பட்டை, 5 டன்னுக்குக் குறையாத பலம் கொண்டது. கிணற்றுக் கயிறும், மாட்டுக் கயிறும், இரும்பு கேபிளும் வேண்டாம். 1,400 கிலோ எடையுள்ள ஜீப்பைப் பத்துக்கு ஒன்று ஏற்றத்தில் இழுக்க, ஏற்றத்துக்கு மட்டுமே 140 கிலோ இழுவை தேவை. தளர்ந்து கிடந்த கயிறு சட்டென விறைத்தால் அந்தப் பாரம் பல மடங்காகும். அப்போதுதான் கயிறு அறும். அறுந்த கயிற்றின் முனையில் இரும்புக் கொக்கி இருந்தால் அது குண்டுபோலப் பாயும். கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். அறுந்தாலும் கயிறு கீழே விழும். தூரத்திலிருந்தே கயிறு இருப்பதும் தெரியும்.

எங்கே கட்டுவது?

பம்பரில் கட்டாதீர்கள். பழைய ஜீப்பின் பம்பர் நான்கு போல்ட்டுகளில் நிற்கிறது. அதில் இரண்டு துருப்பிடித்திருக்கும். சேஸிஸ் சட்டத்தின் முன் முனைகளில், உறுதியான கொக்கியோ ஷேக்கிளோ பூட்டிக் கட்டுங்கள். சுத்தியலால் சட்டத்தை லேசாகத் தட்டிப் பாருங்கள். 'டங்' என்று ஒலித்தால் இரும்பு இருக்கிறது. 'டப்' என்று மந்தமாக ஒலித்து, துருப்பொடி கொட்டினால் அந்த இடம் இழுவை தாங்காது. ஸ்பிரிங் பட்டை, அச்சு, ஸ்டியரிங் கம்பி எதிலும் கட்டக் கூடாது.

கம்பி பூட்டினாலும் இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகள் தனியாகப் போடுங்கள். கம்பியின் கீழே ஒன்றையொன்று குறுக்காகக் கடக்குமாறு கட்டினால், பின் கழன்றாலும் கம்பி தரையில் குத்தாமல் சங்கிலி தாங்கும். பின்னில் கண்டிப்பாகப் பூட்டுக் கிளிப் இருக்க வேண்டும். ஆணி வளைத்துச் செருகுவது வேண்டாம்.

டிராக்டரால் இழுப்பவர்களுக்கு

டிராக்டரின் கீழே உள்ள டிரா பார் அல்லது டிரெய்லர் கொக்கியில் மட்டுமே கட்டுங்கள். டாப் லிங்க் பூட்டும் இடத்திலோ, பின் அச்சுக்கு மேலே வேறு எங்குமோ கட்டாதீர்கள். பாரம் அச்சுக்கு மேலிருந்து இழுத்தால் டிராக்டரின் முன் சக்கரங்கள் தூக்கி, வண்டி பின்னால் கவிழும். ஓட்டுபவர் குதிக்க நேரமே இருக்காது.

சாலையில் ஏறும் முன் டிராக்டரின் இடது, வலது பிரேக் பெடல்களை ஒன்றாகப் பூட்டுங்கள். வயலில் திரும்புவதற்காகப் பிரித்து வைத்த பெடலோடு சாலையில் பிரேக் போட்டால், டிராக்டர் ஒரு பக்கம் இழுக்கும். பின்னால் ஜீப்பும் இருந்தால் கவிழ்வது நிச்சயம்.

இழுக்கும் வண்டி இழுபடும் வண்டியைவிடக் கனமாக இருப்பது நல்லது. சிறிய டிராக்டரில் பெரிய ஜீப்பைக் கட்டாதீர்கள்.

ஸ்டியரிங், பேரிங், டயர்

முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். 'டக், டக்' என்று ஆடினால் வீல் பேரிங்கோ கிங் பின்னோ தேய்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட வண்டியை இழுக்கும்போது ஒரு குழியில் இறங்கிய உடனே முன் சக்கரங்கள் கிடுகிடுவென நடுங்கும். ஸ்டியரிங் கையை உதறிவிடும். சரிசெய்த பிறகே சாலைக்குக் கொண்டுவர வேண்டும்.

சாவி போட்டு ஸ்டியரிங் பூட்டும் வசதி பின்னர் வந்த சில மாடல்களில் உண்டு. பூட்டு விடுபட்ட நிலையில் சாவி இருக்க வேண்டும். நடுவழியில் யாரும் சாவியை உருவக் கூடாது.

பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில், இன்ஜின் நின்றபின் இரண்டு மூன்று முறை மிதித்ததும் பெடல் கல்போல இறுகிவிடும். பிரேக் போகவில்லை, மிதிக்க அதிக பலம் வேண்டும், அவ்வளவுதான். புறப்படும் முன்பே ஓட்டுபவர் நான்கு முறை மிதித்துப் பார்த்து, அந்தக் கடினத்துக்குக் காலைப் பழக்கிக்கொள்ளட்டும்.

நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்கட்டும். மாதக்கணக்கில் கொட்டகையில் நின்ற வண்டியென்றால் டயரின் பக்கவாட்டு வெடிப்புகளையும் பாருங்கள்.

சாலை விதி என்ன சொல்கிறது?

1989-ஆம் ஆண்டின் சாலை விதிமுறைகள் இதைத் தெளிவாகவே சொல்லியிருந்தன. பழுதான வண்டியைப் பக்கத்துப் பட்டறைக்கோ பெட்ரோல் பங்குக்கோ கொண்டுபோகத்தான் இழுக்கலாம். இழுபடும் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் உரிமம் பெற்ற ஒருவர் இருக்க வேண்டும். இரு வண்டிகளுக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. கயிறோ சங்கிலியோ மற்றவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பின்னால், வெள்ளைப் பலகையில் 75 மில்லிமீட்டருக்குக் குறையாத கறுப்பு எழுத்தில் 'ஆன் டோ' என்ற ஆங்கிலச் சொல் இருக்க வேண்டும். வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. 2017-இல் இவற்றுக்குப் பதிலாகப் புதிய ஓட்டுதல் விதிமுறைகள் வந்தன. இப்போதைய நிலையை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். விதி எதுவானாலும், நம் கிராமச் சாலைகளில் 15 முதல் 20 கிலோமீட்டர் வேகமே போதும்.

இருட்டிய பிறகு இழுக்காதீர்கள். பேட்டரி இறங்கிய ஜீப்பில் பின் விளக்கு எரியாது. வேறு வழியே இல்லையென்றால் டிராக்டரிலிருந்து ஒயர் இழுத்து, பின்னால் சிவப்பு விளக்கும் இண்டிகேட்டரும் கட்டுங்கள். சிவப்பு ஒளி பிரதிபலிக்கும் ஸ்டிக்கர் பின்னால் கட்டாயம். இழுபடும் ஜீப்பில் ஓட்டுநரைத் தவிர யாரும் உட்காரக் கூடாது. "சும்மாதானே போகுது" என்று மூட்டை ஏற்றுவதும் கூடாது.

புறப்பட்ட பிறகு

இரு ஓட்டுநர்களும் முதலில் பேசிக்கொள்ளுங்கள். ஒரு ஹாரன் என்றால் மெதுவாக, இரண்டு என்றால் நிறுத்து என்று சைகை வைத்துக்கொள்ளுங்கள். ஜீப்பின் ஹாரன் ஒலிக்காவிட்டால் கையால் காட்டும் சைகையாவது இருக்கட்டும்.

முன் வண்டி முதல் கியரில், கயிறு மெல்ல விறைத்த பிறகே நகர வேண்டும். கயிற்றில் வரும்போது ஜீப் ஓட்டுபவர் லேசாகப் பிரேக் தொட்டு, கயிறு எப்போதும் விறைப்பாக இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். முன் வண்டி வேகம் குறைக்கும்போது முதலில் பிரேக் போட வேண்டியவர் பின்னால் இருப்பவர்தான். இழுத்துக்கொண்டே கியர் போட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசை வேண்டாம். இன்ஜின் பிடித்தவுடன் ஜீப் முன்னால் பாயும்.

முதல் 2 கிலோமீட்டரில் ஒரு முறை நிறுத்துங்கள். நான்கு ஹப்பையும், டிரான்ஸ்பர் கேஸையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால், அங்கே பிரேக் உரசுகிறது, பேரிங் போகிறது, அல்லது நியூட்ரல் சரியாக விழவில்லை. கம்பிப் பின், சங்கிலி, முடிச்சு ஆகியவற்றையும் பாருங்கள். அதன் பிறகு ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு முறை இதே சோதனை.

பட்டறைக்கு வந்த பிறகு

சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த பிறகு கம்பியைக் கழற்றுங்கள். ஷாப்டைக் கழற்றியிருந்தால், பெயின்ட் கோடு பார்த்து அதே இடத்தில் பூட்டச் சொல்லுங்கள். லீவர் கட்டியிருப்பதையும், டிரான்ஸ்பர் நியூட்ரலில் இருப்பதையும் மெக்கானிக்கிடம் வாயால் சொல்லுங்கள். கியரில் போட்டு நிறுத்தியிருக்கிறது என்று நம்பி, அவர் முட்டை எடுத்துவிடக் கூடாது.

கொட்டகையில் ஒரு சாக்குப் பை

இவ்வளவும் வண்டி நின்ற பிறகு தேடினால் கிடைக்காது. ஒரு சாக்குப் பையில் இவற்றைப் போட்டு ஜீப்பிலேயே வைத்துவிடுங்கள்: நான்கு முட்டுக்கட்டைகள், இழுவைப் பட்டை, இரண்டு ஷேக்கிள், ஷாப்ட் போல்ட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர்கள், டேப், சிறிய பெயின்ட் டப்பா, டார்ச், 'ஆன் டோ' பலகை, பழைய சாக்கு ஒன்று.

வேளாண் விரிவாக்கப் பணியாளர்களும், உழவர் குழுப் பொறுப்பாளர்களும் அடுத்த கூட்டத்தில் ஒரு பழைய ஜீப்பை நிறுத்தி, முதல் கியரில் போட்டுத் தள்ளும் அந்தச் சோதனையை மட்டும் செய்து காட்டலாம். பார்த்தவர்களுக்கு மறக்காது. அப்படியே கைப்பிரேக் டிரம் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொருவரையும் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். தன் வண்டியில் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர், முட்டுக் கொடுக்காமல் ஷாப்டில் கை வைக்கமாட்டார்.